சர்வீஸ் ரைஃபிள் போட்டி: முதல் வருஷம் எதை வாங்குவது, எதைப் பழகுவது

கேட்டவர் எழுதியிருந்ததன் சுருக்கம் இது. ஓஹையோவில் இருக்கிறார், வயது 41, கிரீன் கார்டு வந்து இரண்டு வருஷம். ஒரு ஏ.ஆர்.-15 ரைஃபிள் வாங்கி வைத்திருக்கிறார். 100 யார்டில் மேசைமேல் மணல் பையில் சாய்த்துச் சுட்டால் ஐந்து குண்டும் ஓர் எலுமிச்சம்பழ அகலத்துக்குள் விழுகின்றன. 'சர்வீஸ் ரைஃபிள் போட்டிக்குப் போக ஆசை. இந்தத் துப்பாக்கி போதுமா, என்ன ஸ்கோப் வாங்க வேண்டும், போட்டிக்குப் போகிற அளவுக்குத் தேற எத்தனை மாதம் பழக வேண்டும்? என் பெண்ணுக்குப் பதின்மூன்று வயது, அவளும் வரலாமா?'

பழக்கத்தைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம்கூட வேண்டாம். துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளத் தெரியும், 100 யார்டில் தாளில் குண்டு விழுகிறது என்றால் அடுத்து வரும் கிளப் போட்டிக்கே போய்விடுங்கள். 'கொஞ்சம் தேறிவிட்டு வருகிறேன்' என்று சொன்ன பத்துப் பேரில் எட்டுப் பேர் வரவே இல்லை. வந்த இரண்டு பேரும் அதற்குள் தப்பான பொருள்களில் நிறையப் பணத்தைப் போட்டிருந்தார்கள். தேறுவது என்பதே போட்டியில் எல்லோரும் வரிசையாக நின்று சுடுகிற அந்த லைனில் நின்றால்தான் நடக்கும். மேசைமேல் சாய்த்துச் சுடுவதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இங்கே மேசையும் கிடையாது, மணல் பையும் கிடையாது, துப்பாக்கியைத் தாங்கும் இரட்டைக்காலான பைபாடும் கிடையாது. உங்கள் உடம்புதான் மேசை.

விளையாட்டு என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1898-ல் ஸ்பெயினோடு நடந்த போரில் அமெரிக்கப் படையினரின் குறி சுமாராக இருந்தது என்ற கவலையில், 1903-ல் அமெரிக்க நாடாளுமன்றம் பொதுமக்களுக்கும் ரைஃபிள் பயிற்சி தருவதற்கு ஒரு வாரியம் அமைத்தது. முதல் தேசியப் போட்டி அதே வருஷம் நியூ ஜெர்சியின் சீ கர்ட்டில் நடந்தது. 1907-ல் உங்கள் ஓஹையோவில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிற கேம்ப் பெர்ரிக்கு மாறியது. இன்றும் கோடையில் அங்கேதான் நடக்கிறது. அந்த வாரியத்தின் வேலையை 1996 முதல் சி.எம்.பி. என்கிற லாப நோக்கமற்ற நிறுவனம் செய்கிறது. போட்டி விதிகளை சி.எம்.பி.யும், என்.ஆர்.ஏ. என்கிற தேசிய ரைஃபிள் சங்கமும் தனித்தனியாக வெளியிடுகின்றன. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். சில்லறை வித்தியாசங்களைப் போகப் போகத் தெரிந்துகொள்ளலாம்.

சர்வீஸ் ரைஃபிள் என்றால் ராணுவம் பயன்படுத்திய துப்பாக்கி, அல்லது வெளித்தோற்றத்தில் அதற்கு இணையான பொதுமக்கள் வடிவம். எம்1 கராண்ட், எம்14-இன் பொதுமக்கள் வடிவமான எம்1ஏ, பிறகு ஏ.ஆர்.-15. இன்று லைனில் பத்துக்கு ஒன்பது ஏ.ஆர்.தான். அதிர்வு குறைவு, தோட்டா விலை குறைவு, குறியும் துல்லியம். குழல் 20 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. டிரிகர் நாலரை பவுண்டு எடையைத் தூக்க வேண்டும். சோதிக்கும்போது டிரிகரில் எடையைக் கொக்கி போட்டுத் துப்பாக்கியைச் செங்குத்தாகத் தூக்குவார்கள், சுத்தியல் விழுந்துவிட்டால் அந்தத் துப்பாக்கியை அப்படியே சுட விட மாட்டார்கள். 2016 முதல் ஸ்கோப்பும் அனுமதி, பெருக்கம் அதிகபட்சம் 4.5. அதற்கு முன்பு எல்லோருக்கும் பெருக்கிக் காட்டாத இரும்புக் குறிதான்.

முழுப் போட்டி மூன்று தூரங்களில், மூன்று நிலைகளில், நான்கு கட்டமாக நடக்கும். 200 யார்டில் நின்றபடி, நிதானமாகப் பத்து நிமிடத்தில் பத்துக் குண்டு. அதே 200-ல் உட்கார்ந்து, வேகமாக, ஒரு நிமிடத்தில் பத்துக் குண்டு, நடுவில் மேகசின் மாற்றவும் வேண்டும். 300 யார்டில் குப்புறப் படுத்து, அதேபோல வேகமாகப் பத்து. கடைசியில் 600 யார்டில் படுத்து, நிதானமாக 20 நிமிடத்தில் 20 குண்டு. ஆக 50 குண்டு, 500 புள்ளி. 80 குண்டு, 800 புள்ளி என்று நீளமான வடிவமும் உண்டு. 600 யார்டு என்பது ஏறக்குறைய 550 மீட்டர். கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் புதியவர் புள்ளியை இழப்பது அங்கே இல்லை, அதற்கு வருகிறேன்.

எல்லா ஊரிலும் 600 யார்டு மைதானம் கிடையாது. அதனால் பல கிளப்புகள் முழுப் போட்டியையும் 100 யார்டிலேயே நடத்துகின்றன. இலக்கைச் சிறிதாக்கி அச்சடித்திருப்பார்கள், கண்ணுக்கு 200, 300, 600 யார்டில் தெரிவது போலவே தெரியும். காற்று மட்டும்தான் அவ்வளவாக வேலை காட்டாது. உங்கள் முதல் போட்டி இதுவாக இருப்பது நல்லது. ஒரே இடம், ஒரே ஜீரோ (குறி பார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி குறியைச் சரிசெய்வது), காலையில் போனால் மதியத்துக்குள் வீடு.

அன்றைக்கு என்ன நடக்கும்? பதிவு மேசையில் கட்டணம் கட்டியதும் ரிலே எண்ணும் (எத்தனையாவது குழுவில் சுடுவீர்கள் என்பது) டார்கெட் எண்ணும் தருவார்கள். துப்பாக்கி உறைக்குள், அல்லது போல்ட் திறந்து, தோட்டா உட்காரும் சேம்பரில் மஞ்சளோ ஆரஞ்சோ நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கொடி செருகியபடிதான் இருக்க வேண்டும். அந்தக் கொடி ஓரிரு டாலர்தான், அது இல்லாமல் போகாதீர்கள். லைனில் கட்டளை வரும்வரை கொடியை எடுக்கக்கூடாது. 'சீஸ் ஃபயர்' என்று யார் கத்தினாலும் அந்த நொடியே விரலை எடுக்க வேண்டும். இந்த இரண்டில் தவறினால் எவ்வளவு இனிமையானவரும் முகம் மாறுவார். மற்றபடி 'இது என் முதல் போட்டி' என்று பதிவு மேசையிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அனுபவமுள்ள ஒருவருக்குப் பக்கத்தில் போடுவார்கள். அவரிடம் கூடுதலாக ஒரு பாய், குண்டு விழுந்த இடத்தைப் பார்க்கிற தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப் ஒன்று, பெரும்பாலும் சுடும்போது போடுகிற ஒரு கோட்டும் இருக்கும். கேட்டால் தருவார், கேட்காவிட்டாலும் தருவார்.

முழுத் தூர மைதானமாக இருந்தால் பாதி நேரம் நீங்கள் சுட மாட்டீர்கள், பிட்டில் இருப்பீர்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, எனக்கும் சொல்லவில்லை. இலக்குகளுக்குக் கீழே மண்மேட்டுக்குப் பின்னால் ஆளுயரக் கான்கிரீட் அகழி. தலைக்கு மேலே மரச்சட்டத்தில் ஆறடி இலக்கு. லைனில் ஒருவர் சுடும்போது, வெடிச்சத்தம் வருவதற்கு முன்பே தலைக்கு மேல் சாட்டை சொடுக்கியது போல 'சடக்' என்று ஒன்று கேட்கும். குண்டு ஒலியைவிட வேகமாகப் போகிற சத்தம் அது. பின்னால் மணல்மேட்டில் புழுதி எழும். சட்டத்தைக் கீழே இழுக்கிறீர்கள், துளையைத் தேடுகிறீர்கள். அதில் ஒரு வட்டத் தகட்டைச் செருகுகிறீர்கள், புள்ளியைக் காட்டும் தகட்டைச் சட்டத்தின் ஓரத்தில் அதற்குரிய இடத்தில் மாட்டுகிறீர்கள், பழைய துளையில் ஒட்டுத்தாளை ஒட்டுகிறீர்கள், மேலே தள்ளுகிறீர்கள். பத்து நொடிக்குள் முடிக்கிற ஆளுக்கு லைனில் பெரிய மரியாதை. ஒரு காலத்தில் குண்டு இலக்கிலேயே படவில்லை என்றால் பிட்டிலிருந்து சிவப்புக் கொடியை ஆட்டுவார்களாம், அதற்கு 'மேகியின் உள்பாவாடை' என்று பட்டாளத்துக் கேலிப்பெயர்.

முதல் வருஷம் நான் கற்றதில் பாதி பிட்டில் கற்றது. ஒரு மாஸ்டர் சுடும்போது காற்று சட்டென்று மாறினால் அவர் குண்டு எவ்வளவு தள்ளி விழுகிறது, அடுத்த குண்டை எப்படித் திருப்பிக் கொண்டுவருகிறார் என்பதைத் துளைக்குப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அலபாமாவின் டல்லடேகாவில் 2015-ல் சி.எம்.பி. திறந்த மைதானத்தில் எல்லாமே எலக்ட்ரானிக் இலக்கு. சுட்டதும் பக்கத்தில் இருக்கிற திரையில் புள்ளி வந்துவிடும், பிட் வேலையே இல்லை. வசதிதான். ஆனால் புதியவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது பிட் இருக்கும் மைதானத்துக்குப் போக வேண்டும் என்பேன்.

இனி, புள்ளி எங்கே போகிறது என்பதற்கு வருவோம். 200 யார்டு இலக்கில் கருவட்டம் 13 அங்குலம், பத்துப் புள்ளி வளையம் 7 அங்குலம், அதற்குள் சமநிலையை உடைக்கிற எக்ஸ் வளையம் 3 அங்குலம். 600-ல் பத்துப் புள்ளி வளையம் 12 அங்குலம். உங்கள் துப்பாக்கி 100 யார்டில் இரண்டு அங்குலத்துக்குள் போடுகிறது என்றால் காற்றில்லாத நாளில் 600-லும் அது பெரும்பாலும் பத்துக்குள்ளேயே போடும். ஆகத் துப்பாக்கி போதும். புதியவர் ஒருவரின் ஸ்கோர் அட்டையை எடுத்துப் பாருங்கள். படுத்துச் சுட்டதில் 90-ஐ ஒட்டி இருக்கும், நின்று சுட்டதில் 70 இருந்தால் அதிர்ஷ்டம். எல்லா ஊர் அட்டையிலும் இதே கதைதான். அப்புறம் அவர் என்ன செய்வார் தெரியுமா? 600 யார்டுக்காக ஆயிரம் டாலருக்குப் புதுக் குழல் வாங்குவார்.

நிற்கும் நிலை தசையால் ஆவதல்ல, எலும்பால் ஆவது. இலக்குக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள், கால்கள் தோளகலம். இடது முழங்கையை விலாவிலோ இடுப்பெலும்பின் மேலோ ஊன்றுங்கள். துப்பாக்கியின் எடை உள்ளங்கை வழியாக முன்கை எலும்பில் இறங்கி இடுப்புக்குப் போக வேண்டும். கை தூக்கிப் பிடிக்கிறது என்று தோன்றினால் தப்பு. ஸ்லிங் (துப்பாக்கியில் மாட்டும் வார்) துப்பாக்கியில் தொங்கலாம், ஆனால் இந்த நிலையில் அதைக் கையில் சுற்றித் தாங்கலாகப் பயன்படுத்த விதி விடாது. இப்போது கண்ணை மூடி இரண்டு மூச்சு விடுங்கள். திறந்து பாருங்கள். குறி எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் உடம்பு இயல்பாகப் பார்க்கிற திசை. அது கருவட்டத்துக்கு இடப்பக்கம் இருந்தால் கையால் துப்பாக்கியை வலப்பக்கம் தள்ளாதீர்கள், பாதத்தை நகர்த்துங்கள். கையால் தள்ளியது விசை விழும் நொடியில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

குறி ஆடும். எல்லோருக்கும் ஆடும். பதக்கம் வாங்கியவருக்கும் ஆடும், சின்னதாக ஆடும், அவ்வளவுதான். கருவட்டத்தின் குறுக்கே குறி ஓடும்போது 'இதோ' என்று டிரிகரை வெடுக்கென்று இழுப்பதுதான் எல்லோரும் செய்கிற பாவம். ஆட்டம் பத்துக்குள் அடங்குகிற வேளையில் அழுத்தத் தொடங்கி, அழுத்தத்தை நிறுத்தாமல் கூட்டிக்கொண்டே போங்கள். வெடி உங்களுக்கே சின்ன வியப்பாக இருக்க வேண்டும். எட்டு வினாடியில் விழவில்லையா, துப்பாக்கியை இறக்கி மூச்சு வாங்குங்கள். பத்துக் குண்டுக்குப் பத்து நிமிடம் தருகிறார்கள். புதியவர்கள் நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டு நிற்கிறார்கள். குண்டு போனதும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் பார்க்கும் முன் 'வலப்பக்கம், மூன்று மணி, எட்டு' என்று, கடிகார முள் காட்டும் திசையையும் புள்ளியையும் மனசுக்குள் சொல்லிவிடுங்கள், பிறகு பாருங்கள். சொன்னதும் விழுந்ததும் ஒத்துப்போக ஆரம்பித்தால் நீங்கள் ஏற ஆரம்பித்துவிட்டீர்கள்.

இதைப் பழக ஒரு தோட்டாகூடத் தேவையில்லை. வீட்டில், வெற்றுத் துப்பாக்கியில், ராத்திரி பத்து நிமிடம். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும், சேம்பரை இரண்டு முறை கண்ணாலும் ஒரு முறை விரலாலும் பாருங்கள், எதிர்ச்சுவர் குண்டை நிறுத்தக்கூடிய சுவராக இருக்கட்டும். பத்தடி தள்ளி நின்றால் 200 யார்டில் இருக்கிற 13 அங்குலக் கருவட்டம் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அதற்குச் சரியான புள்ளியின் அளவு ஐந்தரை மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு மிளகு. வெள்ளைத் தாளில் ஒரு மிளகை வைத்துச் சுற்றிக் கோடு போட்டுக் கறுப்படித்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஸ்கோப் அந்தத் தூரத்தில் மங்கலாகத் தெரிந்தால், முன்கண்ணாடியை ஓர் அட்டையால் மூடி நடுவில் சின்னத் துளை போடுங்கள், தெளிந்துவிடும். தினம் இருபது முறை. டிரிகர் விழும் கணத்தில் மிளகு எங்கே இருந்தது என்று மட்டும் பாருங்கள். மூன்று மாதத்தில் என் நிற்கும் ஸ்கோர் 74-லிருந்து 86 ஆனது இந்த மிளகால்தான். அந்த மூன்று மாதமும் மைதானத்துக்கு நான் இரண்டு முறைதான் போனேன்.

உட்கார்ந்து சுடுவதற்கு நிறையச் சொல்ல வேண்டியதில்லை. சம்மணம் போட்டு, முன்பக்கம் குனிந்து, இரண்டு முழங்கையையும் தொடையின் உட்பக்கம் முழங்காலுக்குச் சற்று முன்னே பதித்துவிட்டால் கல் மாதிரி உட்காரும். அமெரிக்க நண்பர்கள் இதற்காக மாதக்கணக்கில் இடுப்பை நீட்டி மடக்கிக் கஷ்டப்படுகிறார்கள். பந்தியில் உட்கார்ந்து வளர்ந்தவருக்கு இங்கே கொஞ்சம் முன்சலுகை உண்டு, இந்த விளையாட்டில் நமக்குக் கிடைக்கிற ஒரே சலுகையும் இதுதான். ஸ்லிங்கை இந்த நிலையில் இறுக்கிப் பூட்டலாம், பூட்டத்தான் வேண்டும். மேல்கையில் ஸ்லிங் வளையம், கைக்கு ஒரு தடித்த கையுறை. முதல் மேகசினில் இரண்டு, அடுத்ததில் எட்டு. வேகமாகச் சுட வேண்டும் என்ற பெயரே புதியவரைக் கெடுக்கிறது. மேகசின் மாற்றும் நேரம் போனாலும் குண்டுக்கு ஐந்து வினாடி வருகிறது. ஒரு மூச்சு, ஒரு குண்டு. மேகசின் மாற்றுவதை மட்டும் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வரும்வரை பழகுங்கள்.

300 யார்டில் படுத்துச் சுடுவது இதைவிடச் சுலபம், தாண்டிப் போகிறேன்.

600-ல்தான் காற்று எதிராளி. மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, 77 கிரெய்ன் எடையுள்ள குண்டை 600 யார்டில் 30 அங்குலத்தை ஒட்டி நகர்த்தும். 5 மைல் காற்றைக் கவனிக்காமல் விட்டாலே 15 அங்குலம். நடுவில் பார்த்துச் சுட்டும் ஏழு புள்ளிதான் கிடைக்கும். 5 மைல் காற்று முகத்தில் இதமாகப் படுகிற அளவுதான். கொடியைப் பாருங்கள், ஆனால் கொடியை நம்புவதைவிடக் கானலை நம்புங்கள். ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் ஃபோகஸை இலக்குக்குச் சற்று முன்னால் இழுத்தால், கானல் ஓடை போல ஒரு பக்கமாக ஓடுவது தெரியும். ஓட்டம் சாய்வாக இருந்தால் மெல்லிய காற்று, படுக்கையாகப் பாய்ந்தால் பலமான காற்று. நேரே மேலே கொதிப்பது போல இருந்தால் காற்று திசை மாறப்போகிறது, அப்போது சுடாமல் காத்திருங்கள், 20 நிமிடம் இருக்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் என்ன காற்று, எவ்வளவு திருப்பினீர்கள், எங்கே விழும் என்று நினைத்தீர்கள், எங்கே விழுந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். 200-இல் ஜீரோ வைத்தால் 300-க்குத் தோராயமாக 3 எம்.ஓ.ஏ., 600-க்கு 12 அல்லது 13 ஏற்ற வேண்டியிருக்கும். ஒரு எம்.ஓ.ஏ. என்றால் 100 யார்டில் ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். சரியான எண் உங்கள் துப்பாக்கிக்கும் உங்கள் தோட்டாவுக்கும் மட்டுமே உரியது, அந்த நோட்டில்தான் பிறக்கும்.

600-ல் இன்னொரு ஆபத்து உண்டு, அடுத்தவர் இலக்கில் சுடுவது. வரிசையாக ஒரே மாதிரி இலக்குகள், எண் பலகைகள் சின்னதாகத் தெரியும். என் மூன்றாவது போட்டி. என் எண் 14. காற்றுக்காக இரண்டு கிளிக் திருப்பிவிட்டு மறுபடி படுத்தேன், உடம்பு ஒரு விரல்கடை நகர்ந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அழகான அழுத்தம், அழகான வெடி. என் இலக்கு அசையவில்லை. பக்கத்தில் 15-ஆம் எண் இலக்கு கீழே போனது, அதன் சொந்தக்காரர் அப்போது தோட்டாவையே உள்ளே போடவில்லை. மேலே வந்தபோது நட்டநடுவில் தகடு, எக்ஸ். அன்றைக்கு நான் சுட்டதிலேயே சிறந்த குண்டு அது. எனக்குப் பூஜ்யம் எழுதினார்கள். 15-ஆம் எண்காரர், எழுபது வயதிருக்கும், தொப்பியைத் தூக்கி 'ரொம்ப நன்றி' என்றார். அதிலிருந்து ஒவ்வொரு குண்டுக்கு முன்பும் எண் பலகையைப் பார்த்து எண்ணை முணுமுணுத்துவிட்டுத்தான் விரலை டிரிகரில் வைக்கிறேன். நீங்களும் ஒருநாள் இதைச் செய்வீர்கள். செய்யாதவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

சரி, வாங்கும் படலம். முதல் போட்டிக்கு: உங்கள் துப்பாக்கி, இரண்டு மேகசின், சேம்பர் கொடி, காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு, புள்ளிக் கணக்கில் சேராமல் குறியைச் சரிபார்க்கச் சுடும் சைட்டர் குண்டுகளையும் சேர்த்து 60 அல்லது 100 தோட்டா, தடித்த முழுக்கைச் சட்டை. தீர்ந்தது. உங்களது 16 அங்குலக் குழலாக இருந்தாலும் பரவாயில்லை. விதிக்குச் சரியாக ஒத்துவராத துப்பாக்கியைக்கூடக் கிளப் போட்டியில் வேறு பிரிவில் சேர்த்துச் சுட விடுவார்கள், முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மூன்று போட்டிக்குப் பிறகும் ஆசை தணியவில்லை என்றால் முதலில் ஸ்லிங், பருத்தி நாடா ஸ்லிங்கே போதும், தோல் ஸ்லிங் பிறகு. பிறகு கையுறை, பாய். அதற்கடுத்து கோட்டு, இது பழையதாகக் கிடைத்தால் விடாதீர்கள், நின்று சுடும்போது முதுகைத் தாங்குவது அதுதான். ஸ்பாட்டிங் ஸ்கோப் அதற்குப் பிறகு. துப்பாக்கிக்கான ஸ்கோப்பில் 1-இலிருந்து 4 அல்லது 4.5 வரை பெருக்கம் உள்ள ஏதேனும் ஒன்று. திருப்பினால் திருப்பிய அளவுக்குச் சரியாக நகர்ந்து, திருப்பி வைத்தால் அதே இடத்துக்கு வர வேண்டும், அது ஒன்றுதான் முக்கியம். 20 அங்குலக் குழல், உட்புறப் பள்ளம் 7 அல்லது 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்காக ஓடுவது, இரண்டாம் வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

தோட்டாதான் உண்மையான செலவு. 200 யார்டு வரை மலிவான 55 கிரெய்னே போதும், 300-க்குக்கூட ஒப்பேற்றலாம். 600-க்கு 77 கிரெய்ன் மேட்ச் தோட்டா வேண்டும், அது ஒன்று ஒரு டாலருக்குக் குறையாது. இதனால்தான் லைனில் பெரும்பாலோர் சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறார்கள். 600-க்கு அவர்களில் பலர் 80 கிரெய்ன் குண்டைப் பயன்படுத்துவார்கள். அது மேகசினுக்குள் அடங்காத நீளம், ஒவ்வொன்றாகக் கையால் போட வேண்டும். முதல் வருஷமே நிரப்பும் இயந்திரம் வாங்கிவிடாதீர்கள். அது தனி விளையாட்டு, உங்கள் ராத்திரிகளைத் தின்றுவிடும். அந்த நேரம் மிளகுக்கு.

சட்டம் பற்றி, கேட்டவருக்கு அல்ல, இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு. கிரீன் கார்டு இருந்தால் மத்தியச் சட்டப்படி துப்பாக்கி வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது. நண்பருடையதை மைதானத்தில் வாங்கிச் சுடுவதும் 'வைத்திருப்பது' கணக்கில்தான் வரும். அமெரிக்காவில் முறையாகப் பெற்ற வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. விலக்கு தனக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் டிரிகரைத் தொடாதீர்கள், இதற்காகக் குடியேற்ற வழக்கைப் பணயம் வைக்க வேண்டாம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் ஏ.ஆர். வகைக்குத் தனிக் கட்டுப்பாடுகளும் உள்ளன. இன்னொன்று, சி.எம்.பி. விற்கிற எம்1 கராண்டுக்குப் பலரும் ஆசைப்படுவார்கள், நானும் ஆசைப்பட்டேன். அதை வாங்கக் குடியுரிமை வேண்டும்.

கராண்ட் என்றதும் ஒன்று. பல கிளப்புகள் கராண்ட் போட்டி தனியாக நடத்துகின்றன. 200 யார்டில் மட்டும், 30 குண்டு: படுத்து நிதானமாகப் பத்து, படுத்து வேகமாகப் பத்து, நின்று பத்து. எல்லோரும் பழைய துப்பாக்கியோடு வருவதால் உபகரணப் போட்டி இல்லை. கிளப்பில் யாராவது இரவல் தருவார்கள். புதியவருக்கு இதைவிட இதமான வாசல் கிடையாது என்று நினைக்கிறேன். எட்டாவது குண்டு போனதும் காலி கிளிப் 'டிங்' என்று துள்ளி விழும், அந்தச் சத்தத்துக்கே ஒரு முறை போகலாம்.

உங்களுக்கு ஒரு பெரிய வசதி, கேம்ப் பெர்ரி காரில் போகிற தூரம். கோடையில் தேசியப் போட்டியின்போது ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபயரிங் ஸ்கூல் என்று புதியவர்களுக்கான வகுப்பு நடக்கும். ராணுவப் போட்டி அணிகளில் சுடுகிறவர்களே சொல்லித்தருவார்கள், துப்பாக்கியும் தோட்டாவும் அங்கேயே கிடைக்கும், முடிவில் ஒரு போட்டியும் சுடுவீர்கள். பதிவு திறந்ததும் போட்டுவிடுங்கள். அங்கே சிலரின் கோட்டில் டிஸ்டிங்விஷ்ட் ரைஃபிள்மேன் பதக்கம் பார்ப்பீர்கள், 1884-லிருந்து இருக்கிற பதக்கம் அது. தகுதிப் போட்டிகளில் முதல் பத்து சதவிகிதத்துக்குள் வந்து, கொஞ்சம் கொஞ்சமாக 30 புள்ளி சேர்த்தால் கிடைக்கும். எனக்கு இன்னும் கிடைக்கவில்லை, ஆறு புள்ளி பாக்கி, நான்கு வருஷமாக அதே ஆறு. தரவரிசை இதைவிடச் சீக்கிரம் கைக்கு வரும். என்.ஆர்.ஏ. கணக்கில் சராசரி 84 சதவிகிதத்துக்குக் கீழே மார்க்ஸ்மேன், பிறகு ஷார்ப்ஷூட்டர், 89-இல் எக்ஸ்பர்ட், 94-இல் மாஸ்டர், 97-இல் ஹை மாஸ்டர். நிற்கும் நிலையை மட்டும் சரிசெய்தால் ஒரே வருஷத்தில் ஷார்ப்ஷூட்டர் ஆகலாம்.

உங்கள் பெண் தாராளமாக வரலாம். பல மாநிலச் சங்கங்களில் ஜூனியர் அணி இருக்கிறது, துப்பாக்கி, கோட்டு, ஸ்லிங் எல்லாம் அவர்களே இரவல் தந்து சொல்லியும் தருவார்கள். உங்கள் மாநில அணியின் பொறுப்பாளரிடம் இப்போதே பேசிவையுங்கள். அதுவரை, முதல் போட்டிக்கு உங்களோடு அழைத்து வந்து ஸ்கோர் எழுத உட்கார வையுங்கள். அவளுக்கென்று தனியாக ஒரு காதுமூடி வாங்கிக்கொள்ளுங்கள், நுரை அடைப்பான் சிறுவர் காதில் சரியாக உட்காராது. பெயர் கூப்பிடும்போது எழுத்துக்கூட்டிச் சொல்லத் தயாராக வரச் சொல்லுங்கள். என் பெயரைப் பதினைந்து வருஷத்தில் ஒரே ஓர் அறிவிப்பாளர்தான் சரியாக உச்சரித்திருக்கிறார்.